தோளில் தைத்த சாட்சி

மனிதர் மறைந்த பின்னரும் அவர் உடுத்திய ஆடை சில காலம் எஞ்சி நிற்கிறது. பரணில் ஏற்றிய தகரப் பெட்டியில், பாச்சை உருண்டையின் வாடையோடு மடிந்து கிடக்கும் அதனை வீட்டார் பழந்துணி என்பர். ஆனால் அது ஓர் இராணுவச் சீருடையாக இருந்து, அதன் தோளில் உள்ளங்கையளவு துணிச்சின்னம் ஒன்றும் தைக்கப்பட்டிருந்தால், அதனைப் பழந்துணி என்று ஒதுக்கிவிட முடியாது. அது ஒரு மனிதரின் வாழ்வைப் பற்றிய சாட்சியாகும்.

இப்படிச் சொல்வதை மிகையென்று நினைக்கும் வாசகர்களுக்கு, அமெரிக்காவில் நடந்த ஒரு விபத்தை முதலில் கூற வேண்டும்.

1973ஆம் ஆண்டு ஜூலை 12ஆம் நாள், நள்ளிரவு கழிந்த சிறிது நேரத்தில், செயின்ட் லூயிஸ் நகருக்கு அருகிலுள்ள தேசியப் பணியாளர் ஆவண மையத்தின் ஆறாவது மாடியில் தீப்பிடித்தது. அதனை முழுமையாக அணைக்க நான்கு நாட்களுக்கு மேலாயின. தீ அடங்கியபோது 1 கோடியே 60 இலட்சம் முதல் 1 கோடியே 80 இலட்சம் வரையிலான இராணுவப் பணிக் கோப்புகள் அழிந்து போயிருந்தன. 1912 முதல் 1959 வரை அமெரிக்கத் தரைப்படையிலிருந்து விடுவிக்கப்பட்டோரின் கோப்புகளில் ஏறத்தாழ 80 விழுக்காடு சாம்பலாயிற்று. அவற்றுக்கு நகல்கள் இல்லை. நுண்படச் சுருளும் எடுக்கப்படவில்லை.

இரண்டு உலகப் போர்களிலும் கொரியப் போரிலும் பணியாற்றிய மக்களின் வரலாறு ஒரே தீயில் கருகிற்று. "என் தந்தை எந்தப் படைப்பிரிவில் இருந்தார்? எந்தப் போர்முனைக்குச் சென்றார்?" என்று கேட்ட பிள்ளைகளுக்கு விடை சொல்ல ஏடு இல்லை. ஓய்வூதியமோ மருத்துவ உதவியோ கோரிய முதியவர்களுக்குத் தம் பணியை மெய்ப்பிக்க வேறு வழி தேட வேண்டியதாயிற்று. அப்பொழுதுதான் பல வீடுகளில் தகரப் பெட்டிகள் திறக்கப்பட்டன. சீருடை மட்டும் சட்டப்படியான சான்று ஆகிவிடாது. ஆனால் எங்கே தேட வேண்டும் என்ற வழியை அது காட்டும். தோள்சின்னம் படைப்பிரிவைச் சொல்லும். படைப்பிரிவு தெரிந்தால், தீக்கு இரையாகாத வேறு ஏடுகளில், குறிப்பாகப் படைக்குழுக்கள் நாள்தோறும் எழுதிய காலை அறிக்கைகளில், பெயரைத் தேடலாம்.

ஆகவே, இராணுவச் சின்னங்களையும் சீருடைகளையும் சேகரிப்போர் செய்யும் வேலையை வெறும் பொழுதுபோக்கு என்று கருதுதல் பொருந்தாது. அவர்கள் அறிந்தோ அறியாமலோ பிறருடைய வரலாற்றுக்கு அமானிதக்காரர்களாக இருக்கின்றனர்.

காட்டுப்பூனையில் தொடங்கிய வழக்கம்

இந்தத் தோள்சின்னங்கள் மிகப் பழங்காலத்து வழக்கம் என்று பலர் எண்ணுகின்றனர். அமெரிக்கத் தரைப்படையைப் பொறுத்தவரை டிவிஷன்கள் தோள்சின்னம் அணியும் வழக்கம் 1918ஆம் ஆண்டில்தான் வேரூன்றியது. தென் கரோலினா மாநிலத்தில் பயிற்சி பெற்ற 81ஆவது டிவிஷன், காட்டுப்பூனை ஒன்றின் உருவத்தைத் துணியில் வெட்டித் தன் வீரர்களின் தோளில் தைத்துக்கொண்டது. விதியில் இல்லாத ஓர் அடையாளத்தை இவர்கள் மட்டும் அணிவதா என்று பிற படையினர் ஆட்சேபித்தனர். பிரான்சில் இருந்த தலைமைத் தளபதி ஜெனரல் பெர்ஷிங்கின் தலைமையகம் வரை செய்தி சென்றது. சின்னத்தை அகற்றுமாறு உத்தரவு வரும் என்று எதிர்பார்த்தவர்கள் வியந்துபோயினர். அதே ஆண்டு அக்டோபர் மாதத்தில் அச்சின்னத்திற்கு ஒப்புதல் கிடைத்ததோடு, ஏனைய டிவிஷன்களும் தத்தமக்கெனச் சின்னம் வகுத்துக்கொள்ளுமாறு கூறப்பட்டது.

காரணம் எளியது. ஒரே நிறச் சீருடையணிந்த பல்லாயிரம் பேர் புகையிலும் குழப்பத்திலும் சிதறும்போது, இன்னார் இன்ன படைப்பிரிவு என்று கண்டுகொள்ள ஒரு குறி வேண்டும். அத்தோடு, 'நான் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன்' என்னும் பற்றையும் அக்குறி ஊட்டிற்று.

முதல் உலகப் போரின் சின்னங்கள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை அல்ல. பிரான்சின் சிற்றூர்களில் தையற்காரர்களும் தையற்காரப் பெண்களும், சில வேளைகளில் வீரர்களே தம் கையாலும், கிடைத்த கம்பளித் துணியில் வெட்டித் தைத்தனர். 1ஆவது டிவிஷனின் சின்னம் சிவப்பு நிற '1' என்னும் எண். அந்த எண்ணின் உயரமும் அகலமும் ஒரு வீரரின் தோளில் இருந்ததுபோல் மற்றொருவரின் தோளில் இருக்கவில்லை. 42ஆவது டிவிஷனின் சின்னம் வானவில். முதலில் அரைவட்டமாக இருந்த அந்த வில், போரில் மாண்டும் காயமுற்றும் போன தம் தோழர்களின் நினைவாகக் கால்வட்டமாகக் குறுக்கப்பட்டது என்று அப்படையினர் வழிவழியாகச் சொல்லி வருகின்றனர்.

ஒரு சின்னம் மாறிய கதை

45ஆவது டிவிஷன் ஒக்லஹோமா, கொலராடோ, நியூ மெக்சிகோ, அரிசோனா ஆகிய மாநிலங்களின் ஆட்களைக் கொண்டது. அம்மாநிலங்களில் அமெரிக்கப் பழங்குடியினர் மிகுதி. அவர்களைச் சிறப்பிக்கும் வகையில், அவர்களிடையே நற்குறியாக விளங்கிய சுவஸ்திக் உருவம் சிவப்புச் சதுரத்தில் மஞ்சள் நிறத்தில் பொறிக்கப்பட்டு, 1920களில் அந்த டிவிஷனின் சின்னமாயிற்று. பின்னர் ஜெர்மனியில் ஹிட்லரின் கட்சி அதே வடிவைத் தன் கொடியில் ஏற்றிக்கொண்டது. இனி அதனை அணிய இயலாது என்றாகி, 1939ஆம் ஆண்டில், இடியைக் கொண்டுவருவதாகப் பழங்குடியினரின் கதைகளில் வரும் 'தண்டர்பேர்டு' என்னும் பறவையின் உருவம் புதிய சின்னமாக ஏற்கப்பட்டது.

1945ஆம் ஆண்டு ஏப்ரல் 29ஆம் நாள் டாக்காவ் வதைமுகாமுக்குள் நுழைந்து அங்கிருந்தோரை விடுவித்த அமெரிக்கப் படைகளுள் அந்தப் பறவைச் சின்னத்தை அணிந்த 45ஆவது டிவிஷனும் ஒன்றாகும்.

இவ்வரலாற்றை அறியாத ஒருவர் கையில் பழைய மஞ்சள் சுவஸ்திக் சின்னம் கிடைத்தால் என்ன நினைப்பார்? அதனை நாஜிகளின் பொருள் என்று கருதி எறிந்துவிடவும் கூடும். அவ்வாறே சொல்லி விற்றுவிடவும் கூடும். கண்ணுக்குத் தெரியும் உருவத்தை மட்டும் கொண்டு தீர்ப்புச் சொல்லலாகாது என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டுவதில்லை.

போர் பேசிய பொய்கள்

சின்னம் சாட்சி என்றோம். ஆனால் எல்லாச் சாட்சியும் மெய் பேசுவதில்லை அல்லவா?

1944ஆம் ஆண்டு ஜூன் 6ஆம் நாள் நார்மண்டிக் கரையில் இறங்குவதற்கு முன்பாக, தாக்குதல் கலே பகுதியில்தான் நிகழும் என்று ஜெர்மானியரை நம்பச் செய்ய நேச நாடுகள் பெரும் ஏமாற்றுத் திட்டம் ஒன்றை வகுத்தன. ஜெனரல் பேட்டன் தலைமையில் மாபெரும் படை ஒன்று தென்கிழக்கு இங்கிலாந்தில் திரண்டிருப்பதாகச் செய்தி பரப்பப்பட்டது. அந்தப் படையின் பல டிவிஷன்கள் காகிதத்தில் மட்டுமே இருந்தன. இல்லாத டிவிஷன்களுக்கும் சின்னங்கள் வரையப்பட்டன, தைக்கவும் பட்டன. ஒரு வீரரும் பணியாற்றாத படைப்பிரிவுகளின் தோள்சின்னங்கள் இன்றும் சேகரிப்போர் கையில் உலவுகின்றன.

அதற்கு அடுத்த மாதங்களில் பிரான்சில் மற்றோர் ஏமாற்று நடந்தது. ஓவியர்களும் ஒலிப்பதிவு வல்லுநர்களும் அடங்கிய, சுமார் 1,100 பேர் கொண்ட படைக்குழு ஒன்று, காற்றடைத்த ரப்பர் டாங்கிகளையும் ஒலிபெருக்கிகளையும் கொண்டு பெரும் படை வந்துவிட்டதாகப் பாவனை செய்தது. அக்குழுவினர் இன்று ஒரு டிவிஷனின் சின்னத்தையும் நாளை வேறொரு டிவிஷனின் சின்னத்தையும் தோளில் தைத்துக்கொண்டு, ஒற்றர்களின் கண்ணில் படும்படி ஊர்க் கடைவீதிகளில் நடமாடினர். நெடுங்காலம் இரகசியமாக இருந்த அவர்களது பணிக்கு, 2024ஆம் ஆண்டில் அமெரிக்கக் காங்கிரஸின் தங்கப் பதக்கம் வழங்கப்பட்டது. அதனைப் பெற்றுக்கொள்ள உயிரோடிருந்தோர் மிகச் சிலரே.

இதற்கு மாறாக, உண்மையான படைகள் தம் சின்னத்தை மறைத்ததும் உண்டு. ஒரு டிவிஷன் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குச் செல்வதை எதிரி அறியாதிருக்கத் தோள்சின்னங்களைப் பிரித்துவிடுமாறு உத்தரவிடுவர். போர்க்காலப் புகைப்படங்களில் தணிக்கை அதிகாரிகள் சின்னம் இருந்த இடத்தைச் சுரண்டி அழித்தனர். ஆகவே சின்னம் இருப்பதனால் மட்டும் ஒருவர் அப்படையில் இருந்தார் என்றோ, இல்லாததனால் மட்டும் இருக்கவில்லை என்றோ முடிவு கட்டலாகாது.

துணியைக் கேட்பது எப்படி?

போரின் பொருட்டுச் சொன்ன பொய்கள் போருடன் முடிந்தன. பொருளின் பொருட்டுச் சொல்லும் பொய்களோ இன்னும் முடியவில்லை. அரிய சின்னங்களுக்கு நல்ல விலை கிடைப்பதால் போலிகள் பெருகிவிட்டன. சிறப்பாக, வியட்நாம் போரின்போது சைகோன் நகரத் தையற்கடைகளில் அமெரிக்க வீரர்களுக்காகத் தைக்கப்பட்ட சின்னங்களைப் போலவே, போர் முடிந்த பின்னரும் அங்கே ஏராளமாகத் தைத்து விற்றனர். ஒரே ஊர், ஒரே விதத் துணி, ஒரே விதத் தையல் என்றால் வேறுபாடு காண்பது எவ்வளவு கடினம் என்பதை எண்ணிப் பாருங்கள்.

தேர்ந்த சேகரிப்பாளர்கள், விற்பவர் சொல்லும் கதையை முதலில் கேட்பதில்லை. துணியைத்தான் முதலில் கேட்கின்றனர். அவர்கள் கையாளும் சோதனைகளுள் சில வருமாறு:

முதலாவது, விளிம்பு. இரண்டாம் உலகப் போர்க் காலத்து அமெரிக்கச் சின்னங்கள் இயந்திரத்தில் பூவேலை செய்து, பிறகு கத்தரியால் விளிம்பையொட்டி வெட்டப்பட்டவை. ஓரம் முழுவதும் கயிறுபோல் தடித்த ஓவர்லாக் தையல் சுற்றியிருக்கும் சின்னங்கள் 1960களிலும் அதன் பின்னருமே பெருவழக்காயின. நார்மண்டியில் அணிந்ததென்று சொல்லப்படும் சின்னத்திற்கு அத்தகைய தடித்த ஓரம் இருந்தால், அந்தக் கதையை நம்புவதற்கில்லை.

இரண்டாவது, நூல். போர்க்காலச் சின்னங்கள் பருத்தி அல்லது ரேயான் நூலால் ஆனவை. தொங்கும் இழை ஒன்றைத் தீயில் காட்டினால் இவை காகிதம்போல் எரிந்து சாம்பலாகும்; பாலியஸ்டர் நூலோ உருகி மணிபோல் இறுகும். பாலியஸ்டர் ஆடைகள் சந்தைக்கு வந்தது 1950களில்தான். ஆகவே அந்த இழை உருகினால், பொருள் பிற்காலத்தது என்பது தெளிவு. ஆனால் தீச்சோதனை பொருளையே சிதைக்கக்கூடியது. தானாகப் பிரிந்து தொங்கும் இழை இருந்தாலன்றி அதனைச் செய்யலாகாது.

மூன்றாவது, புற ஊதா விளக்கு. பணத்தாள்களைச் சோதிக்க வங்கிகளில் வைத்திருக்கும் விளக்குதான் அது. பிற்காலத்து நூல்களில் வெண்மை கூட்டும் இரசாயனம் கலந்திருப்பதால் அவை இருட்டில் அவ்விளக்கின் கீழ் நீலம் கலந்த வெண்ணிறமாக ஒளிரும். பழைய பருத்தி நூல் ஒளிராது. இங்கும் ஓர் எச்சரிக்கை தேவை. அண்மைக் காலச் சலவைத்தூளில் அதே இரசாயனம் இருப்பதால், உண்மையான பழஞ்சின்னத்தை அதனால் துவைத்திருந்தால் அதுவும் ஒளிரும். பழைய நூற்கண்டைத் தேடி எடுத்துத் தைத்த போலியோ ஒளிராது. ஒரே ஒரு சோதனையை மட்டும் நம்பிவிட்டால் ஏமாற நேரும்.

நான்காவது, சின்னத்தின் அடியிலுள்ள துணி. பல பத்தாண்டுகள் ஒரே இடத்தில் தைத்திருந்த சின்னத்தின் அடியில் சட்டையின் நிறம் மங்காமல் இருக்கும், சுற்றிலும் மங்கியிருக்கும். அண்மையில் தைத்திருந்தால் உள்ளும் புறமும் ஒரே நிறமாக இருக்கும். பழைய ஊசித் துளைகள் வேறொரு வடிவைக் காட்டினால், வேறு சின்னம் அகற்றப்பட்டு இது வைக்கப்பட்டது என்று பொருள்.

ஒரு கோட்டை வாசித்தல்

சின்னத்தைக் காட்டிலும் முழுச் சீருடை கூடுதலாகப் பேசும். இரண்டாம் உலகப் போர் முடிந்து ஊர் திரும்பிய அமெரிக்க வீரரின் இடுப்பளவுக் கோட்டு ஒன்று உங்கள் கையில் இருப்பதாக வைத்துக்கொள்வோம்.

இடத்தோளில் இருப்பது அவர் கடைசியாகப் பணியாற்றிய படைப்பிரிவின் சின்னம். வலத்தோளிலும் ஒன்று இருந்தால், அது அவர் முன்பு போர்முனையில் சேர்ந்திருந்த படைப்பிரிவின் சின்னம். இடக்கையின் கீழ்ப்பகுதியில் பொன்னிறச் சிறு பட்டைகள் இருக்கும். ஒவ்வொன்றும் கடல் கடந்து பணியாற்றிய ஆறு மாதங்களைக் குறிக்கும். நான்கு பட்டைகள் என்றால் இரண்டு ஆண்டுகள் அவர் தாயகத்தைப் பிரிந்திருந்தார். வலமார்புப் பைக்கு மேலே வளையத்துள் கழுகு தைக்கப்பட்டிருந்தால், அவர் நற்சான்றுடன் விடுவிக்கப்பட்டவர். அந்தக் கழுகின் கோணல் உருவத்தைக் கேலி செய்து வீரர்கள் அதனை 'வாத்து' என்றே அழைத்தனர்.

இனி உட்புறம். உட்பையில் துணிச்சீட்டு ஒன்று தைக்கப்பட்டிருக்கும். அளவு, தைத்த நிறுவனம், அரசு ஒப்பந்தத்தின் எண், அதன் தேதி ஆகியவை அதில் அச்சிடப்பட்டிருக்கும். 1943இல் காயமுற்றபோது அணிந்திருந்த கோட்டு என்று ஒருவர் விற்க, சீட்டில் 1945ஆம் ஆண்டுத் தேதி இருந்தால் மேற்கொண்டு பேசுவதற்கு ஒன்றுமில்லை.

எல்லாவற்றிலும் அருமையானது மையினால் இட்ட சலவைக் குறி. நம் ஊர்களில் சலவைக்குப் போகும் துணியில் வீட்டுக்கு ஒரு குறி இடுவதில்லையா? அதுபோல அமெரிக்க வீரர்கள் தம் குடும்பப் பெயரின் முதலெழுத்தையும் இராணுவ எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களையும் உடையில் குறித்தனர். துணி மாறாதிருக்க இட்ட அந்தக் குறியே இன்று உடையவரைத் தேடத் துணையாகிறது. போர்க்காலத்தில் படையில் சேர்ந்தோரைப் பற்றிய துளையிட்ட அட்டைகளிலிருந்து தொகுக்கப்பட்ட சுமார் 90 இலட்சம் பதிவுகள் அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. 1973ஆம் ஆண்டுத் தீயில் இவை அழியவில்லை. ஓரெழுத்தும் நான்கு இலக்கங்களும் ஒரு தோள்சின்னமும் சேர்ந்தால், பெயரற்ற ஒரு கோட்டுக்குப் பெயர் கிடைக்கக்கூடும். பிறகு அவருடைய மக்களையோ பேரர்களையோ கண்டுபிடித்து அதனை ஒப்படைத்த சேகரிப்பாளர்களும் உண்டு.

இப்போது சிந்தியுங்கள். அந்தக் கோட்டிலிருந்து சின்னத்தை மட்டும் வெட்டியெடுத்து ஒருவர் தனியே விற்கிறார். சின்னம் ஒருபுறம், கோட்டு மறுபுறம் போகிறது. இரண்டும் உண்மையானவையே, இதில் போலி எதுவும் இல்லை. ஆனால் சாட்சி ஊமையாகிவிட்டது. சாதாரணக் கோட்டில் அரிய சின்னத்தைத் தைத்து விலையேற்றுபவரோ அதனினும் ஒரு படி மேலே போகிறார்; வாழாத வாழ்வொன்றை இறந்த மனிதரின்மேல் ஏற்றி வைக்கிறார். வாங்குபவரின் பணம் மட்டுமல்ல, இறந்தவரின் வரலாறும் இங்கே களவு போகிறது.

நம் நாட்டு ஊசியும் நூலும்

இந்தத் துறைக்கும் நம் நாட்டுக்கும் தொடர்பில்லாமல் இல்லை. போர்க்காலத்தில் கல்கத்தா, கராச்சி முதலிய நகரங்களில் தங்கிய அமெரிக்கப் படையினர், தம் சின்னங்களை உள்ளூர்க் கடைவீதிகளில் தைத்து வாங்கினர். தொழிற்சாலையில் பருத்தி நூலால் செய்த அதே உருவத்தை, நம் கைவினைஞர்கள் வெள்ளி, பொன்னிற ஜரிகையால் கையாலேயே இழைத்துக் கொடுத்தனர். சீன, பர்மா, இந்தியப் போர்முனைக்குரிய கேடய வடிவச் சின்னம் ஜரிகையில் கிடைத்தால், இன்றும் சேகரிப்போர் அதனை விரும்பி வாங்குகின்றனர். ஒன்றைப் போல் மற்றொன்று இராது. அதைச் செய்தவரின் பெயர் எந்தச் சின்னத்திலும் இல்லை.

இந்திய வீரர்களும் அணிந்தனர். ஆப்பிரிக்காவின் கெரன் மலைப்போரிலும் இத்தாலியின் காசினோவிலும் போரிட்ட 4ஆவது இந்திய டிவிஷனின் சின்னம் சிவப்புக் கழுகு. பர்மாவை மீட்ட பதினான்காவது சேனையின் சின்னத்தில் வாளின் முனை கீழ்நோக்கியிருக்கும். சின்னங்களில் வாள் நிமிர்ந்து நிற்பதே மரபு. பர்மாவை வடக்கிலிருந்து தெற்கு நோக்கி இறங்கித்தான் மீட்க வேண்டியிருக்கும் என்பதனால் அவ்வாறு வரைந்ததாக அதன் தளபதி ஜெனரல் ஸ்லிம் பின்னாளில் எழுதினார். ஆப்பிரிக்கா, இத்தாலி, பர்மா ஆகிய போர்முனைகளில் மதராஸ் சாப்பர்ஸ் படையைச் சேர்ந்த தமிழர்களும் பணியாற்றினர். அவர்களுடைய சட்டைகளில் எத்தனை இன்று எஞ்சியுள்ளன? பெரும்பாலானவை கிழிந்து, கரித்துணியாகி, அடுப்படியில் முடிந்திருக்கும்.

வீட்டில் செய்ய வேண்டியவை

உங்கள் குடும்பத்தில் பாட்டனாரோ அவருடைய சகோதரரோ எந்தப் படையில் பணியாற்றியிருந்தாலும், அவர் விட்டுச்சென்ற உடையோ பதக்கமோ சின்னமோ இருக்குமானால் சில செய்திகளை நினைவிற் கொள்ளுங்கள்.

அதனைத் துவைக்காதீர்கள், இஸ்திரி போடாதீர்கள். கறையும் மடிப்பும் கூட வரலாற்றின் பகுதியே. சின்னத்தையோ பொத்தானையோ அழகு கருதிப் பிரித்தெடுக்காதீர்கள். வெயிலும் ஈரமும் படாத இடத்தில், சாயம் போகாத தூய பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். கம்பளி ஆடையைப் பூச்சி அரிக்கும். எனவே ஆண்டுக்கு ஓரிரு முறை எடுத்து நிழலில் விரித்துப் பாருங்கள். இரும்புக் குண்டூசியைத் துணியில் குத்தி வைக்காதீர்கள். அதன் துரு துணியைத் தின்னும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு தாளில் எழுதி அதனுடன் வையுங்கள். யாருடையது, என்ன உறவு, எந்த ஆண்டு, எங்கே பணியாற்றினார் என்பதை, அறிந்த முதியவர்கள் வீட்டில் இருக்கும்போதே கேட்டு எழுதிவிடுங்கள். உறுதியாகத் தெரிந்ததை உறுதி என்றும், கேள்விப்பட்டதைக் கேள்விப்பட்டது என்றும் பிரித்து எழுதுங்கள். பிள்ளைகளையே அருகில் அமர்த்தி எழுதச் சொன்னால் இன்னும் நன்று. வாப்பாவின் வாப்பா யார் என்பதை அவர்கள் தம் கையெழுத்தாலேயே அறிந்துகொள்வர்.

செயின்ட் லூயிஸில் எரிந்தவை ஓர் அரசு பல அடுக்குகளில் காத்து வைத்திருந்த ஏடுகள். அவை ஒரே தீயில் போயின. அதற்குப் பின்னும் சில மனிதர்களின் வரலாற்றைச் சொல்ல எஞ்சியவை, அவர்களது வீட்டார் எறியாமல் வைத்திருந்த ஒரு கோட்டும் அதன் உள்மடிப்பில் மையினால் இட்ட ஐந்து குறிகளுமே.